நீலம் பாய்ந்த பலகைகள்

"இது வெட்டுக்கட்டையா, இல்ல எவனாவது பாறைக்குப் பட்டை ஒட்டிக் குடுத்துட்டானா?" என்று பின்வாசலிலிருந்து க்ளோவீஸ் சத்தம் போட்டான். அவன் எதிரே தோலுரித்த முயல் இரண்டு துண்டாகக் கிடந்தது. கைக்கோடாரியின் வாயில் கடுகளவுக்கு ஒரு புதிய பல் விழுந்திருந்தது.

"நீ பிடிக்கிற பிடி அப்படி" என்றாள் அவன் மனைவி அர்மாந்த், காலணியின் கயிற்றை முடிந்துகொண்டே.

"மூணாவது தடவைடீ! மூணு வருஷமா ஒழுங்கா உழைச்ச கட்டை, இந்த வாரம் மட்டும் மூணு தடவை கடிச்சிருக்கு. போதாததுக்கு நடுவுல இந்தக் கறை வேற. எத்தனை தேய்ச்சாலும் போகல."

"நீ கொட்டின ஒயின்தான? நீயே தேய்."

அவள் தன் மொபெட்டை உதைத்துக் கிளப்பினாள். கட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்று அவளுக்கு முக்கியமான நாள். பலகை வாங்குபவர் வருகிறார்.

லே பிராந்த் என்ற அந்த ஊர் த்ரோன்சே காட்டின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. ஊரின் ஒரே பெரிய தொழில், பீப்பாய்க்கான ஓக் பலகை பிளப்பது. முதலாளி தவியோவின் களத்தில் அடுக்கடுக்காகப் பலகைகள் வெயிலிலும் மழையிலும் மூன்று ஆண்டுகள் நிற்கும். அந்த மூன்று ஆண்டுகளில் மழை, மரத்தின் முரட்டுத் துவரைக் கழுவி இறக்கும். பலகை வெளியே எலித்தோல் போலச் சாம்பல் நிறமாகும், உள்ளே தேன் நிறமாகவே இருக்கும். அதன் பிறகுதான் பீப்பாய் கட்டுபவர்கள் அதைத் தொடுவார்கள்.

அர்மாந்த், காட்டுக்குள் கரி சுட்டுப் பிழைத்த ஒருவரின் கடைசி மகள். பதினேழு வயதில் இந்தக் களத்துக்குப் பலகை அடுக்க வந்தாள். அடுக்குவது எளிய வேலை என்று நினைப்பவர்கள் அடுக்கிப் பார்க்காதவர்கள். ஒவ்வொரு பலகைக்கும் மழை பட வேண்டும், காற்றுப் பட வேண்டும், ஆனால் ஆளுயரத்துக்கு மேல் எழும் அடுக்கு புயலிலும் சாயக் கூடாது. அவள் கட்டிய அடுக்கு எதுவும் சாய்ந்ததாக வரலாறு இல்லை. 1971-ஆம் ஆண்டு, தரம் பார்த்து முத்திரை குத்தும் ஆள் காலை உடைத்துக்கொண்டபோது, தவியோ தலையைச் சொறிந்தபடி முத்திரைச் சுத்தியலை அவள் கையில் கொடுத்து, "மூணு வாரம் பாத்துக்கோங்க, மதாம் அர்மாந்த்" என்றார். அந்த மூன்று வாரம் பதினாறு ஆண்டுகளாக முடியாமல் நீண்டுகொண்டிருந்தது. களத்து ஆண்கள் அவளுக்கு 'மதாம் மூணுவாரம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் அது கிண்டல். பிறகு அது மரியாதை.

அந்தச் சுத்தியலின் முகத்தில் ஒரு பிறை வடிவம் உண்டு. அவள் ஓர் அடுக்கைப் பார்த்து, தட்டி, முகர்ந்து, நான்கு பலகைகளை உருவி நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்து, பிறகே மூலைப் பலகையில் பிறையைக் குத்துவாள். பிறை விழுந்த அடுக்கை வாங்குபவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. அதுதான் அந்தச் சுத்தியலின் பெருமை.

பத்து மணிக்கு லெஸ்கியூர் வந்தார். கொன்யாக் பக்கத்துப் பெரிய பீப்பாய்ப் பட்டறை ஒன்றுக்குப் பலகை வாங்குபவர்; மெலிந்த உருவம், மடிப்புக் கலையாத கோட்டு. அன்று அவருடைய இடது கன்னம் ஒரு பன்ரொட்டி அளவுக்கு வீங்கியிருந்தது. வாயின் வலது ஓரத்தால் மட்டுமே பேசினார்.

"வணக்கம் மொஸ்யே லெஸ்கியூர். காபி?" என்றார் தவியோ.

"வேண்டாம். சூடு ஆகாது." அவர் காரின் பின்கதவைத் திறந்து, ஆறு பலகைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். "போன மாசம் மாதிரிக்கு ஒரு அடுக்குலேர்ந்து கொஞ்சம் பலகை கொண்டு போனேனே, அதுல ஆறு இது. எங்க ஆளு இழைச்சுப் பாத்தான். நீங்களும் பாருங்க."

பலகைகளின் சாம்பல் தோல் இழைப்புளியில் போயிருந்தது. உள்ளே தேன் நிறம் இருந்தது. அந்தத் தேன் நிறத்தின் ஊடே, பலகையின் நீளவாக்கில், மை கொட்டி இழுத்ததுபோல ஒரு நீலக் கோடு. ஒரு முனையில் விரல் அகலம். மறுமுனையை நோக்கிக் குறுகிக் குறுகித் தீச்சுடர்போல அவிந்திருந்தது. மூலைப் பலகையைத் தவிர மற்ற ஐந்திலும் அப்படியே.

தவியோவின் முகம் வெளுத்தது. "இது... எங்க அடுக்கா?"

"பிறை இருக்கே. உங்க பிறைதான?" லெஸ்கியூர் மூலைப் பலகையைத் திருப்பிக் காட்டினார். "நான் நேரடியா கேக்குறேன் மொஸ்யே தவியோ. இது கிழக்கத்தி மரம். போர் நடந்த காட்டு மரம். குண்டுச்சிதறலை விழுங்கின மரம் இப்படித்தான் நீலம் பாயும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலிவா வாங்கி, த்ரோன்சே மரத்தோட கலந்து, மேல பிறை குத்தி எங்களுக்கு விக்கிறீங்க."

"சத்தியமா இல்ல!"

"சத்தியத்தைப் பீப்பாயில ஊத்தி வெக்க முடியாது. நாப்பது அடுக்கு கேட்டிருந்தேன். ஒண்ணுகூட வேண்டாம். விடுதியில சூப்பு குடிச்சுட்டு நாலு மணிக்குக் கிளம்புறேன். அதுக்குள்ள வேற விளக்கம் இருந்தா சொல்லுங்க. இல்லாட்டி, இந்தக் களத்துப் பிறைக்கு என்ன மதிப்புன்னு மத்த பட்டறைக்காரங்ககிட்டயும் நான் சொல்ல வேண்டி வரும்."

அர்மாந்த் ஒரு பலகையைக் கையில் எடுத்து, கோட்டின் மீது பெருவிரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். தவியோ அவளைப் பார்த்த பார்வையில் பதினாறு ஆண்டு நம்பிக்கை மெல்ல ஆடியது.

லெஸ்கியூர் வெளியே போனதும் தவியோ தாழ்ந்த குரலில் சொன்னார்: "மதாம் அர்மாந்த், நாலு மணிக்கு அந்த ஆளு இப்படியே கிளம்பினார்னா, சுத்தியலை நான் வேற கைக்கு மாத்தித்தான் ஆகணும். ஊர் வாயை அடைக்க எனக்கு வேற வழி தெரியல."

"நாலு மணிதான மொஸ்யே? இப்ப பத்தே காலு" என்றாள் அர்மாந்த். நீலப் பலகையோடு வெளியே நடந்தாள்.

ஓக் மரம் நிறம் மாற எத்தனை வழிகள் உண்டு என்பது அவளுக்கு மனப்பாடம். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மழைச் சாம்பலா? அது ஓர் இழைப்புக்கு மேல் தாங்காது. இது அடிவரை பாய்ந்திருக்கிறது. அடுக்கின் குறுக்குப் பலகை அழுத்திய தடமா? அது குறுக்கே விழும். இது நெடுக்கே ஓடுகிறது. நின்ற மரத்தின் அடியில் ஈரல்போல வளரும் காளான் மரத்தைச் சிவக்க வைக்கும். அப்போது முழு வைரமும் கடுந்தேநீர் நிறமாகுமே தவிரக் கோடு போடாது. விழுந்து நனைந்த கிளைகளில் பச்சை பூக்கும் பூஞ்சாளம் ஒன்று உண்டு. அது கிளி நிறம், இது மை நிறம்.

மிஞ்சியது இரும்பு. ஓக்கின் துவரும் இரும்பும் சந்தித்தால் மை பிறக்கும். ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பிப் பழகியவள் அல்ல அவள். வேலியோரம் போய் ஒரு கைப்பிடி புளிக்கீரையைப் பறித்து வந்தாள். சூப்புக்குப் போடும் அதே கீரைதான். சட்டைக் காலரில் பேனா மை பட்டால் அதைக் கசக்கித்தான் அந்த ஊர்ப் பெண்கள் தேய்ப்பார்கள். இலையை உள்ளங்கையில் கசக்கி, நீலக் கோட்டின் நடுவில் சாறு வழியத் தேய்த்து, பலகையை வெயிலில் வைத்தாள். கால் மணி நேரத்தில் தேய்த்த இடம் மட்டும் வெளிறி, மீண்டும் தேன் நிறம் எட்டிப் பார்த்தது. பூஞ்சாளம் கீரைக்கு அசையாது. இது இரும்பேதான்.

அதாவது, லெஸ்கியூர் சொன்னதில் பாதி உண்மை. தான் கண்டுபிடித்தது தனக்கே எதிராக நிற்பதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த கேள்வியை அவள் தன்னிடமே கேட்டுக்கொண்டாள். இந்தக் கோட்டை நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன்? மரம் பிளந்த அன்றே இது தெரிந்திருக்குமே!

மூலைப் பலகையில் துத்தநாகத் தகடு ஒன்று தொங்கியது. அதில் பொறித்திருந்தது: 1984, மார்ச், இரண்டாம் வாரம், மரம் 214. படித்தவுடன் அவளுடைய கை தானாகக் கடைவாயைத் தொட்டது. மார்ச் இரண்டாம் வாரம் அவள் களத்திலேயே இல்லை. கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கி, காய்ச்சல் வந்து, ஐந்து நாள் படுக்கையில் கிடந்தாள். திரும்பி வந்தபோது அடுக்கு கட்டி முடிந்திருந்தது. கட்டியவர் ரிகோலே. அவளைவிடப் பத்து வயது மூத்த பிளப்பாளர். சுத்தியல் தமக்கு வரும் என்று 1971-இல் காத்திருந்து ஏமாந்தவர். அவர் கட்டிய அடுக்கைப் பிரித்துப் பார்த்தால் அவர் முகத்தில் அடித்ததாகும் என்று நினைத்து, பதினாறு ஆண்டில் அந்த ஒரே ஒரு முறை, அவள் பிரிக்காமல் குத்தினாள்.

ரிகோலே பிளக்கும் கொட்டகையில் ஆப்புகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"ரிகோலே, இருநூத்திப் பதினாலு ஞாபகம் இருக்கா?"

அவர் நிமிரவில்லை. "மரத்துக்கெல்லாம் பேரு வெச்சு ஞாபகம் வெச்சுக்க நான் என்ன பாதிரியாரா, ஞானஸ்நானம் குடுக்க?"

"நீலம் பாஞ்ச மரம்."

எண்ணெய்த் துணி நின்றது. பெரிய மூச்சு ஒன்று வந்தது. "பாத்தேன்" என்றார்.

"பாத்துட்டுமா அடுக்குனீங்க?"

"பாத்துட்டுத்தான். நடு நடுவுல செருகி வெச்சேன், வெளிய தெரியாம."

"ஏன்யா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் மாட்டிக்கணும்னா?"

"அட, உன்னை மாட்டிவிடணும்னா அதை மேலயே அடுக்கியிருப்பேனே, அறிவு வேணாம்?" ரிகோலே முதல்முறையாக அவளை நேரே பார்த்தார். "முதலாளிதான் கிழக்கத்தி மரம் வாங்கிட்டாருன்னு நெனச்சேன். அந்த வருஷம் அவருக்கு எவ்வளவு நெருக்கடி! சரி, மனுஷன் ஒரு தப்பு பண்ணிட்டார், அதை நாம ஏன் கூவணும்னு மூடி வெச்சேன். யார்கிட்டயும் சொல்லல. எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. அவகிட்டச் சொன்னா ஊருக்கே தம்பட்டம் அடிச்ச மாதிரி."

அர்மாந்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்தில் வந்து முட்டின. முதலாளியின் மானத்தைக் காக்க ரிகோலே மறைத்தார். ரிகோலேயின் மானத்தைக் காக்க அவள் பிரிக்கவில்லை. ஆளுக்கு ஆள் காட்டிய மரியாதை சேர்ந்துதான் களத்தின் மானத்தை வாங்கியிருந்தது.

"ரிகோலே, அது நம்ம காட்டு மரம்தான். வரவு வந்த மரத்தை ஒவ்வொண்ணா நானே பாத்து எண் வெச்சேன். கிழக்கேர்ந்து ஒரு குச்சிகூட வரல."

"அப்போ இரும்பு எங்கேர்ந்து வந்துச்சு? பிளந்தேனே, ஒரு துணுக்குகூட ஆப்புல தட்டலையே! நம்ம காட்டுல குண்டும் விழல."

அந்தக் கேள்விதான் அவளுடைய காலைப் பிடித்து நிறுத்தியது. பிளந்த மரத்தில் இரும்பு இல்லை, ஆனால் நீலம் இருக்கிறது. அவள் களத்தில் மீதி நின்ற அடுக்கைப் பிரித்து, 214-ஆம் மரத்தின் பலகைகளைத் தரையில் பரப்பினாள். ரிகோலேயும் கூட மண்டியிட்டார். பிளந்தபடியே ஒன்றோடொன்று பொருத்தி வைத்துப் பார்த்தபோது மரம் மெல்ல மெல்ல மீண்டும் உருவானது. நீலம் ஒரே பக்கத்தில்தான் இருந்தது. எல்லாப் பலகையிலும் அடிமுனையில்தான் தடிப்பு. மேலே போகப் போகச் சுடர்போல ஒடுக்கம். ஆக, இரும்பு கீழே இருக்கிறது. உயிரோடு நின்ற மரத்துக்குள் சாற்றோடு சாறாக மை மேலே ஏறியிருக்கிறது. இரும்பு இருந்த அடித்துண்டு பலகையாகவே இல்லை.

"அடித்துண்டு!" என்றாள்.

வேர் கிளம்பும் இடத்தில் மரம் யானைக் காலாக விரியும். அந்த இடத்தில் நார் வளைந்திருப்பதால் பலகை நேராகப் பிளக்காது. களத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த முழங்கால் உயரத் துண்டை அறுத்து எறிவார்கள். எறிந்ததை வீணாக்குவதில்லை, தொழிலாளிகளுக்கு விறகாக முறை வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

"அந்த வாரம் அடித்துண்டு யார் முறை, ரிகோலே?"

ரிகோலே விரல்விட்டு எண்ணினார். "எனக்கு முந்தின வாரம். அதுக்கடுத்து... அடுத்து உன் முறைதான். நீ பல்லைக் கட்டிக்கிட்டுக் கெடந்தியே, உம் புருஷன்தான் வண்டியோட வந்தான். 'விறகு வேணாம், ஒரே உருட்டா குடுங்க, முயல் வெட்ட நல்ல கட்டையாச்சு'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனான்."

அர்மாந்த் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கோடாரியில் விழுந்த மூன்று பல்லும், தேய்த்தும் போகாத ஒயின் கறையும், காலையில் தான் திரும்பிப் பார்க்காமல் வந்ததும் வரிசையாக அவள் கண்முன் வந்து நின்றன. மணி பன்னிரண்டே முக்கால்.

ரிகோலேயின் வேன் அதுவரை அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. பின்வாசலில் க்ளோவீஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கடுகு போட்ட முயல் குழம்பு அடுப்பில் கொதித்தது.

"என்ன, விருந்தாளியோட வந்திருக்க?"

"க்ளோவீஸ், கட்டை மேல இருக்கிறதையெல்லாம் எடு."

"எதுக்கு?"

"எடுன்னா எடு!"

மூன்று பேரும் முக்கி முனகிக் கட்டையைப் புரட்டினார்கள். மூன்று ஆண்டாகத் தரையைப் பார்த்துக் கிடந்த அடிமுகம் மண்ணோடு மேலே வந்தது. அர்மாந்த் சட்டை நுனியால் மண்ணைத் துடைத்தாள். வனத்துறையின் வட்ட முத்திரையும், அதன் கீழே ஆழமாக அடித்த எண்ணும் கருமையாகத் தெரிந்தன. 214.

"இருநூத்திப் பதினாலு" என்று ரிகோலே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"என்ன பித்துப் பிடிச்சிருக்கு உங்க ரெண்டு பேருக்கும்?" என்றான் க்ளோவீஸ். "முயலு கருகுது!"

"உன் கட்டை கடிச்சதா சொன்னியே, எந்த இடத்துல?"

அவன் கட்டையை மீண்டும் புரட்டி, கறையின் ஓரத்தைக் காட்டினான். கோடாரி கொத்திக் கொத்திக் கிண்ணம்போலக் குழிந்திருந்த அந்த இடத்தில், மரத்துக்குள்ளிருந்து ஊசிக்கண் அளவுக்கு ஏதோ பளபளத்தது.

"க்ளோவீஸ், உன்னைக் கட்டிக்கிட்டு நான் பண்ணின தப்புக்கெல்லாம் இன்னிக்கிக் கணக்குத் தீர்ந்துச்சு" என்று சொல்லி, வெங்காய வாடையோடு அவன் இரு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"கோடாரி வாய் போனதுக்கா?"

மூன்று மணிக்கு லெஸ்கியூர் களத்துக்குத் திரும்பியபோது, நடுக்களத்தில் ஒரு கட்டை நின்றிருந்தது. அதைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள். தவியோ தொப்பியைக் கழற்றி, கசக்கி, மீண்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

"மொஸ்யே லெஸ்கியூர்" என்று அர்மாந்த் தொடங்கினாள். "முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். அந்த அடுக்கை நான் பிரிச்சுப் பாக்காம பிறை குத்தினேன். பதினாறு வருஷத்துல ஒரு தடவை. அது என் தப்பு, முதலாளி தப்பு இல்ல."

கூட்டத்தில் ரிகோலே இருமினார். "கட்டினது நான்" என்றார். "பாதித் தப்பு என்னுது. அதையும் எழுதிக்குங்க."

"ரெண்டாவது" என்று அவள் தொடர்ந்தாள், "நீங்க சொன்னது சரி. நீலம் இரும்பாலதான் வந்துச்சு. கீரை போட்டுத் தேய்ச்சுப் பாத்துட்டேன்."

லெஸ்கியூரின் வலது புருவம் உயர்ந்தது. "அப்போ நான் கிளம்பலாமே?"

"மூணாவதையும் கேட்டுட்டுக் கிளம்புங்க. இந்தக் கட்டை, அதே மரத்தோட அடித்துண்டு. கீழ வனத்துறை எண் இருக்கு, குனிஞ்சு பாருங்க. என் நோட்டுல இருக்கிற எண்ணும், அடுக்குத் தகட்டுல இருக்கிற எண்ணும் அதுதான். முத்திரை நம்ம த்ரோன்சே வனச் சரகத்தோடது. நீலம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துது." அவள் ஒரு நீலப் பலகையைக் கட்டையின் மீது நிறுத்தினாள். கோடும் கறையும் ஒரே நதிபோலச் சேர்ந்தன.

லெஸ்கியூர் குனிந்தார், பார்த்தார், நிமிர்ந்தார். "எண்ணு சரி. ஆனா இரும்பு இரும்புதான மதாம். எண்ணு அடிக்கத் தெரிஞ்சவனுக்கு எந்த மரத்துலயும் அடிக்கத் தெரியும்."

கூட்டம் முணுமுணுத்தது. அர்மாந்த் அதற்குத்தான் காத்திருந்தவள்போலச் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினாள். கட்டையின் மேல்முகத்தில், பட்டையிலிருந்து நீலக் கறைவரை கையகலத்துக்கு ஒரு பாதையை ரிகோலே கண்ணாடிபோல இழைத்து வைத்திருந்தார்.

"பலகையில பட்டையும் இல்ல, அதை ஒட்டின வெளிறும் இல்ல, செதுக்கி எறிஞ்சுடுறோம். அதனால அதுல வயசு எண்ண முடியாது. இதுல பட்டை இருக்கு. மரம் வெட்டினது எண்பத்தி மூணு டிசம்பர்ல. நீலம் எந்த வளையத்தோட நிக்குதோ, அந்த வருஷம்தான் இரும்பு உள்ள போன வருஷம். அதுக்கப்புறம் வளந்த மரம் சுத்தமா இருக்கு. நான் எண்ணினா நம்ப மாட்டீங்க. நீங்களே எண்ணுங்க மொஸ்யே. பத்துக்கு ஒரு புள்ளி வெச்சுக்கிட்டு."

லெஸ்கியூர் தயங்கினார். பிறகு கோட்டைக் கழற்றித் தவியோவிடம் கொடுத்து, மண்டியிட்டு, மூக்குக்கண்ணாடியை இறக்கி எண்ணத் தொடங்கினார். த்ரோன்சே ஓக்கின் வளையங்கள் நெருக்கமானவை. அவை நெருக்கமாக இருப்பதால்தான் அந்த மரத்துக்கே அவ்வளவு கிராக்கி. பத்துக்கு ஒரு புள்ளி. இருபது. நாற்பது. அறுபது.

அறுபத்தொன்பதைத் தாண்டும்போது அவருடைய பென்சில் ஒரு கணம் நின்றது; 1914, பெரும்போர் தொடங்கிய ஆண்டு அது. கறை இன்னும் நான்கு விரல் தள்ளியிருந்தது. அவர் தொடர்ந்தார். எழுபது. எண்பது. தொண்ணூறு.

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றார் தாழ்ந்த குரலில். சந்தேகம் தீராமல், கறையிலிருந்து பட்டைக்குத் திரும்பவும் எண்ணினார். "தொண்ணூத்தி ஒண்ணுதான்."

"எண்பத்தி மூணுலேர்ந்து தொண்ணூத்தி ஒண்ணைக் கழிங்க."

"ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி ரெண்டு."

"தொண்ணூத்தி ரெண்டுல எந்த நாட்டுக் குண்டு எங்க விழுந்துச்சு, மொஸ்யே லெஸ்கியூர்? கிழக்கேன்னா கிழக்கே, மேற்கேன்னா மேற்கே, எங்கயாவது ஒரு இடத்தைச் சொல்லுங்க!"

அவர் பென்சிலை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். களம் ஆரவாரித்தது. யாரோ தொப்பியை வீசினார்கள். அது அடுக்கின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இருங்க, இன்னும் முடியல" என்ற அர்மாந்த், ரிகோலேயைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் கறையை ஒட்டி ஆப்பை வைத்து மூன்றே அடி அடித்தார். கட்டை வாய் பிளந்தது. உள்ளே, மை ஊறிக் கறுத்த மரத்துக்குள், கையால் அடித்த சதுர ஆணிகள் ஏழு, சிறு குடும்பமொன்று நெருங்கிப் படுத்திருப்பதுபோல வரிசையாக இருந்தன. ஒன்றின் முதுகில் கோடாரி உரசிய மூன்று பளபளப்பு.

"அதுதான்! அந்தப் பயதான் கடிச்சது!" என்று க்ளோவீஸ் கத்தினான்.

"ஆணியா? வேர்கிட்ட எவன் ஆணி அடிப்பான்?" என்றார் லெஸ்கியூர். அவர் குரலில் இப்போது சந்தேகம் இல்லை. வெறும் ஆர்வம்தான் இருந்தது.

ரிகோலே ஏழு ஆணிகளையும் பார்த்து மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு வயிறு குலுங்கும் அளவுக்கு வளர்ந்தது. "பல்வலி!" என்றார். "அட, பல்வலி ஆணி! அந்தக் காலத்துல எங்க குடிசைப் பக்கம் பல்வலி வந்தா, புது ஆணியை வலிக்கிற பல்லுல வெச்சு எடுத்து, ஓக் மரத்துல அடிப்பாங்க. வலி மரத்துக்குப் போயிடும்னு. வனக்காவலன் பாத்தா அபராதம் போடுவான். அதனால பாதைக்கு அந்தப் பக்கமா, வேரோட ஒட்டி, புல்லு மறைக்கிற இடத்துல அடிப்பாங்க. ஏழு ஆணி. ஏழு பல்லு!"

"வலி போச்சா?" என்று லெஸ்கியூர் கேட்டார்.

"மரத்துக்குப் போச்சு மொஸ்யே. மரத்துலேர்ந்து உங்க பட்டறைக்கு வந்துச்சு" என்றாள் அர்மாந்த்.

லெஸ்கியூருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கன்னத்தில் சுருக்கென்று குத்த, "ஐயோ" என்று தாடையைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏழு ஆணிகளில் நேரானதாக ஒன்றைப் பிடுங்கி, சட்டையில் துடைத்து, அவரிடம் நீட்டினாள்.

"எந்தப் பல்லு?"

"வேணாம் மதாம்" என்றார் அவர், கண்ணில் நீரோடு. "இன்னொரு மரத்தைக் கெடுத்தா, நூறு வருஷம் கழிச்சு வாங்க வர்றவன் உங்க பேத்திகிட்டச் சண்டைக்கு வருவான்."

பிறகு அவர் தவியோவின் கையிலிருந்த கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, பொத்தான்களை முறையாக மாட்டி, குரலையும் முறையாக மாற்றினார். "மொஸ்யே தவியோ, காலையில நான் சொன்ன வார்த்தையை உங்க ஆளுங்க முன்னாடியே திரும்ப எடுத்துக்கறேன். இருநூத்திப் பதினாலை ஒதுக்கிடுங்க. மத்த நாப்பது அடுக்கும் எனக்கு வேணும். ஆனா ஒரு நிபந்தனை." அவர் அர்மாந்த் பக்கம் திரும்பினார். "எல்லா அடுக்கையும் இவங்க பிரிச்சுப் பாக்கணும். யார் கட்டினதா இருந்தாலும்."

"என்னுதையும்தான்" என்றார் ரிகோலே. "முதல்ல என்னுதைப் பிரி. மரியாதை பாக்காத."

அவர்கள் அன்றே தொடங்கினார்கள். மே மாத வெளிச்சம் நீண்டிருந்தது. ரிகோலே இறக்கிக் கொடுக்க, அர்மாந்த் ஒவ்வொரு பலகையாகத் திருப்பிப் பார்த்தாள். தட்டினாள், முகர்ந்தாள், நாக்கு நுனியால் தொட்டாள். முதல் அடுக்கில் குறை ஒன்றும் இல்லை. திரும்பக் கட்டி முடித்ததும் களத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். தவியோவே சுத்தியலைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"எத்தனை வாரத்துக்கு மொஸ்யே?" என்றாள்.

"மூணு" என்றார் தவியோ. களம் முழுதும் சிரித்தது.

அவள் ஓங்கிக் குத்தினாள். பிறை ஆழமாக, சுத்தமாக விழுந்தது. அது இப்போது வெறும் பள்ளம்தான். இரவு மழை பெய்தால் சுத்தியலின் இரும்பும் ஓக்கின் துவரும் கலந்து, காலையில் நீலப் பிறையாகி நிற்கும். பதினாறு ஆண்டாக அவளுடைய முத்திரை அந்த நீலத்தில்தான் துலங்கி வந்திருக்கிறது என்பதை நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

"எல்லாம் சரி" என்று பின்னாலிருந்து க்ளோவீஸின் குரல் கேட்டது. அவன் பிளந்த கட்டையின் இரு பாதியையும் சோகமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். "குழம்பும் கருகிப் போச்சு. நாளைக்கு முயலை நான் எதுமேல வெச்சு வெட்டுறது?"

"இந்த வாரம் அடித்துண்டு யார் முறை?" என்று அர்மாந்த் கேட்டாள்.

"என்னுது" என்றார் ரிகோலே. "எடுத்துக்கோ. ஆனா இந்தத் தடவை அடிமுகத்தைப் பாத்துட்டு எடுத்துக்கோ."